பெரிய வெள்ளி நோம்பி

சகாயராஜுக்குத் தன் ஒருசந்தியைப் பற்றிக் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சம் என்பது மரியாதைக்குச் சொல்வது. தவக்காலத்து விரதத்தைத் தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கர்கள் ஒருசந்தி என்பார்கள். ஒரு வேளைதான் சாப்பாடு, கறி மீன் கிடையாது. இயேசு சிலுவையில் உயிர்விட்ட பெரிய வெள்ளியன்று சகாயராஜுக்கு அந்த ஒரு வேளையும் கிடையாது. சாயங்காலம் கோவிலில் வழிபாடு முடிகிறவரை தண்ணீர்கூடப் பல்லில் படாது. கல்யாணத்துக்கு முந்தியே ஆரம்பித்த பழக்கம். 2007ஆம் வருடத்தோடு பதினெட்டு முடியப்போகிறது.

இதையெல்லாம் யாராவது கேட்டால் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார். திருப்பூரில் மணியன் என்பவருடைய பனியன் கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். தவக்காலம் வந்துவிட்டால் டீ வருகிற நேரத்தில், "எனக்கு வேண்டாம்ப்பா, ஒருசந்தி" என்று கடைசி மெசின்காரனுக்கும் கேட்கிற மாதிரி சொல்வார். அவர் மனைவி ஆஷா அதே கம்பெனியில் செக்கிங். அவளும் ஒருசந்திதான். ஆனால் அவள் இருப்பது அக்கம்பக்கத்து மெசினுக்குக்கூடத் தெரியாது.

குடியிருந்தது பூவாத்தாளின் லைன் வீட்டில். முன்னால் பூவாத்தாளின் வீடு, பின்னால் வரிசையாக ஆறு குடித்தனம், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாயும் துவைக்கிற கல்லும். பூவாத்தாள் ஐம்பதைத் தாண்டியவர். கணவர் காலமாகி மூன்று வருடம், ஒரே மகன் வெளியூரில். கொங்குப் பக்கத்தில் பண்டிகையை நோம்பி என்பார்கள். தீபாவளியும் நோம்பி, பொங்கலும் நோம்பி. எந்த நோம்பி வந்தாலும் பூவாத்தாளின் வீட்டிலிருந்து ஆறு குடித்தனத்துக்கும் தூக்குப்போசியில் பலகாரம் வந்துவிடும். அந்த வருடப் பொங்கலுக்கு ஐந்து வீட்டுக்குத்தான் வந்தது.

காரணம் சகாயராஜின் வாய். பொங்கலுக்கு ஒரு வாரம் முந்தி, டபுள் ஷிப்ட் முடித்து வந்து குளிக்கப் போனவருக்குத் தலை நிறைய சோப்புப் போட்ட நேரம் பார்த்துத் தண்ணீர் நின்றுபோனது. துண்டைக் கட்டிக்கொண்டு நுரையோடு வெளியே வந்தார். பூவாத்தாள் வேண்டுமென்றே மோட்டாரை நிறுத்திவிட்டார் என்று அவராகவே முடிவு செய்துகொண்டு, ஆறு வீடும் கேட்கச் சொன்னார்: "ஒங்க நெஞ்சிலயும் ஈரம் இல்ல, ஒங்க கொழாயிலயும் ஈரம் இல்ல!"

நன்றாக அமைந்துபோன வசனம். அதுதான் வினை. வரிசை வீடு மொத்தமும் சிரித்தது. ஒரு வாரம் வரைக்கும் குழாயடியில் ஆளுக்கு ஆள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மோட்டாரில் காயில் எரிந்துபோனது என்று மறுநாளே தெரிந்துவிட்டது. பூவாத்தாள் ஆளை வைத்துச் சரிபண்ணிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் சகாயராஜ் இருக்கிற திசைக்குக்கூட முகத்தைக் காட்டவில்லை. சகாயராஜும் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லலாம் சொல்லலாம் என்று தை போய், மாசி போய், பங்குனியும் வந்துவிட்டது.

"கறியை விட்டாச்சு, மீனை விட்டாச்சு, டீயையும் விட்டாச்சு," என்றாள் ஆஷா ஒரு வெள்ளிக்கிழமை. "வீம்பை மட்டும் மூணு வேளையும் சாப்பிடுதீங்க."

சகாயராஜ் காதில் விழாத மாதிரி இருந்துகொண்டார்.

பெரிய வெள்ளி வருகிற பெரிய வாரத்தில், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார். சின்னச் சின்னப் பாவமாக எடுத்துவைத்து, கடைசியில் பூவாத்தாள் விஷயத்தையும் போகிறபோக்கில் சேர்த்தார். பங்குச்சாமியார் அதை மட்டும் பிடித்துக்கொண்டார். வழக்கமாகப் பத்து மந்திரம் சொல்லச் சொல்கிறவர், "செபம் ஒண்ணும் வேண்டாம். அந்தம்மாவைப் பாத்து மன்னிப்புக் கேட்டுட்டு வந்திருங்க. அதுதான் உங்களுக்கு அபராதம்" என்று முடித்துவிட்டார். ஐம்பது ஜெபமாலை சொல்லச் சொல்லியிருந்தால்கூடச் சகாயராஜ் சந்தோஷமாகச் சொல்லியிருப்பார்.

வியாழக்கிழமை சாயங்காலம் பூவாத்தாளின் வாசலில் போய் நின்றார். பூவாத்தாள் முறத்தில் பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் புடைக்க ஆரம்பித்தார். எங்கே ஆரம்பிப்பது என்று சகாயராஜுக்குத் தெரியவில்லை. நாளைக்கு ஒருசந்தி என்று ஆரம்பிக்கலாம் என்றால், அந்தச் சொல் பாவம் அந்தம்மாவுக்கு எங்கே புரியப்போகிறது? அவருக்குப் புரியட்டும் என்று நோன்பு என்ற சொல்லைத் தேடிப் பிடித்தார். பேச்சில் அது நோம்பு என்று வந்தது. மரியாதைக்கு ஒரு 'ங்க'வும் ஒட்டிக்கொண்டது.

"அக்கா, நாளைக்கு எங்களுக்கு நோம்புங்க."

முறம் நின்றது. "நோம்பிங்களா?"

"ஆமாங்க. வருசத்துலயே பெரிய நோம்பு. அதுக்கு முன்னால ஒங்களப் பாத்து... அன்னைக்கு நான் பேசுனது தப்புங்க. என்னைய மன்னிச்சிருங்க."

பூவாத்தாள் முறத்தைக் கீழே வைத்தார். "நாளைக்கேங்களா நோம்பி?"

"நாளைக்குத்தாங்க."

"பெரிய நோம்பிங்களா?"

"இதவிடப் பெருசு கெடையாதுங்க."

"செரி, போங்க," என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தவரிடம் ஆஷா, "மன்னிச்சாங்களா?" என்று கேட்டாள்.

"நோம்பப் பத்திக் கேட்டாங்க."

"மன்னிச்சாங்களான்னுதான் கேட்டேன்."

"தெரியலையே, பிள்ள," என்றார் சகாயராஜ். மூன்று மாதமாக ஒரு மனுஷி தன்னால் தலைகுனிந்து நடந்திருக்கிறாள் என்பது அந்த வாசலில் நின்றபோதுதான் அவருக்கு உறைத்திருந்தது. அவர் மன்னித்தாரா இல்லையா என்று தெரியாமல் தூக்கம் வரவில்லை.

பெரிய வெள்ளி. இருவரும் லீவு போட்டிருந்தார்கள். அடுப்பு மூட்டவில்லை. சுவரில் இருந்த பாடுபட்ட சுரூபத்தை, சிலுவையில் தொங்குகிற இயேசுவை, ஊதாத் துணியால் மூடியிருந்தார்கள். எட்டு வயது மகள் ஜோதிகாவுக்கு மட்டும் காலையில் இரண்டு பன். பன்னிரண்டு மணிக்குச் சகாயராஜுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்ட ஆரம்பித்தது. வழக்கமான கட்டம்தான், இன்னும் ஆறு மணி நேரம், பார்த்துக்கொள்ளலாம் என்று சுவரில் சாய்ந்திருந்தார்.

கதவு தட்டப்பட்டது. திறந்தால் பூவாத்தாள். விசேஷத்துக்கு மட்டும் பெட்டியிலிருந்து எடுக்கிற சேலை, ஒரு கையில் பெரிய தூக்குப்போசி, இன்னொரு கையில் சோற்றுக்குண்டா. உள்ளே வந்தவர் நின்று சுற்றிலும் பார்த்தார். பூனை படுக்கலாம் போலிருந்த அடுப்பைப் பார்த்தார். ஜோதிகாவின் பழைய கவுனைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"ஏனுங் தம்பி, நோம்பியும் அதுவுமா அடுப்புப் பத்த வெக்கலீங்களா?"

சகாயராஜும் ஆஷாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"புள்ளைக்கு ஒரு புதுத்துணி இல்ல. இல்லாதப்பட்டதுன்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதுங்களா? அவ்வளவு ஆகாதவளாயிட்டனுங்களா நானு?" கண்ணைத் துடைத்துக்கொண்டே கீழே உட்கார்ந்து போசியைத் திறந்தார். நாட்டுக்கோழிக் குழம்பின் வாசனை அந்தப் பத்துக்குப் பத்து அறையை நிறைத்தது.

"ஐ, கோழி!" என்றது ஜோதிகா. சொன்ன கையோடு வாயைப் பொத்திக்கொண்டது.

அடுத்த வீட்டுக் காசிமாயன், அதே கம்பெனியில் டெய்லர், அந்த வாரம் நைட் ஷிப்ட், வாசனை பிடித்து வாசலில் வந்து நின்றான். உசிலம்பட்டிக்காரன். சகாயராஜின் பதினெட்டு வருடக் கதையைப் பதினெட்டு தடவை கேட்டவன். கோழியைப் பார்த்தான், மாஸ்டரைப் பார்த்தான், என்னமோ சொல்ல வந்தான். சகாயராஜ் முறைத்த முறைப்பில் அப்படியே அடக்கிக்கொண்டான்.

"வெள்ளிக்கெழம நான் கவுச்சியத் தொடறதில்லீங்க," என்றார் பூவாத்தாள். "கண்ணாலமாயி வந்த நாள்ல இருந்து தொட்டதில்ல. ஆனா உங்குளுக்கு நோம்பின்னா கறி இல்லாம ஆவுமுங்களா? கிறிஸ்துமசுக்குப் பாத்திருக்கறனே. அதான் விடியால எந்திரிச்சு வளத்த கோழியவே புடிச்சுட்டேன். உப்புப் பாக்கலீங்க. வாயில வெக்க முடியாதில்லீங்களா. நீங்க சாப்பிட்டுச் சொல்லோணும்."

உண்மையைச் சொல்ல ஒரு வரி போதும். அக்கா, இன்னைக்கு எங்க சாமி செத்த நாள். அவ்வளவுதான். ஆனால் அதைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் சகாயராஜுக்குத் தெரியும். இழவு வீட்டுக்குக் கோழிக்குழம்பு தூக்கிக்கொண்டு போனவள் என்று பூவாத்தாள் கூசிப்போவார். வரிசை வீடு இன்னொரு தடவை சிரிக்கும், இந்தத் தடவையும் அவரால்தான். தன் முப்பது வருட வெள்ளிக்கிழமையை உடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிற மனுஷியிடம், என் பதினெட்டு வருடத்தை உடைக்க மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? இருந்தாலும் பதினெட்டு வருடம். வயிறு ஒரு பக்கம் இழுத்தது, வீம்பு ஒரு பக்கம் இழுத்தது. ஆஷாவைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே தட்டைக் கழுவி வைத்துவிட்டாள். அவர் யோசித்து முடிப்பதற்குள் அவள் செய்து முடித்திருப்பாள், கல்யாணம் ஆன நாளிலிருந்தே அப்படித்தான்.

சகாயராஜ் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சிலுவை அடையாளம் போட்டார். சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார்.

குழம்பில் உப்பே இல்லை.

"உப்பு எப்பிடிங் தம்பி?"

"கணக்கா இருக்குங்கக்கா," என்றார். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆஷாவும் ஒரு பேச்சுப் பேசாமல் சாப்பிட்டாள். ஜோதிகா காலை எலும்போடு எடுத்துக்கொண்டது. பூவாத்தாள் ஒவ்வொரு வாயையும் பார்த்துப் பார்த்து மலர்ந்தார். மூன்று மாதம் கழித்து அந்த முகத்தில் சிரிப்பைப் பார்க்கச் சகாயராஜுக்கு என்னமோ செய்தது. உப்பில்லாத குழம்பு அவ்வளவு ருசியாக இருந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

காலிப் போசியோடு பூவாத்தாள் போனார். இவர்கள் மூன்று மணி வழிபாட்டுக்குக் கிளம்பினார்கள்.

சிலுவையில் முத்தமிடுவதை முத்தி செய்வது என்பார்கள். அதற்கு வரிசையில் நின்றபோது, வாயில் கோழி வாடை அடிக்குமோ என்று சகாயராஜ் உள்ளங்கையில் ஊதிப் பார்த்தார். ஆஷா முழங்கையால் இடித்தாள். வருடா வருடம் அந்த இடத்தில் அவர், ஆண்டவரே, இந்த வருசமும் முடிச்சிட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வார். இன்றைக்கு என்ன சொல்வது? ஆண்டவரே, தின்னுட்டேன் என்றார். சொல்லிக்கொள்ள ஒன்றும் கையில் இல்லாமல் குனிந்து முத்தி செய்தார். ஏனோ பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

ஆறரை மணிக்குத் திரும்பினால், துவைக்கிற கல்லில் பூவாத்தாள் உட்கார்ந்திருந்தார். சேலையை மாற்றிப் பழசைக் கட்டியிருந்தார். கொஞ்சம் தள்ளிக் காசிமாயன் திருதிருவென்று நின்றான்.

"நான் சும்மா பேச்சுவாக்குலதாண்ணே சொன்னேன்," என்றான்.

பூவாத்தாள் எழுந்தார். "ஏனுங் தம்பி, உங்க சாமி செத்த நாளாமா இன்னைக்கு? தண்ணிகூடக் குடிக்க மாட்டீங்களாமா?"

"ஆமாங்கக்கா."

"அப்பறம் எதுக்குங்க தின்னீங்க? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாம் பாட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருப்பனே."

"நீங்க மன்னிச்சீங்களா இல்லையான்னு ராத்திரி பூரா ரோசனைங்க," என்றார் சகாயராஜ். "போசியத் தொறந்ததும் தெரிஞ்சுபோச்சு. அத எப்பிடிங்க வேண்டாம்னு சொல்லுதது?"

பூவாத்தாள் தலையைக் குனிந்துகொண்டார். "மன்னிச்சேன்னு வாயில சொல்ல எனக்கு வல்லீங்க. அதான் கோழியப் புடிச்சேன்."

ஆஷா போய் அவர் கையைப் பிடித்தாள். "வாங்கக்கா, கஞ்சி வைக்கப்போறேன். எங்க கூடச் சாப்பிடுங்க."

"இப்பச் சாப்பிடலாமுங்களா? நேரம் முடிஞ்சுதுங்களா?"

அவர் ஏன் அதைக் கேட்கிறார் என்று ஆஷாவுக்குப் புரியவில்லை. காசிமாயன்தான் சொன்னான். "அண்ணே, போசி கழுவ வந்தப்ப நான் சொன்னதுலருந்து அக்கா இந்தக் கல்ல விட்டு எந்திரிக்கல. மத்தியானமும் திங்கல. அம்புட்டு வெயில்ல ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல. சொன்னாக் கேட்டாத்தானே."

சகாயராஜ் அப்போதுதான் பார்த்தார். பூவாத்தாளின் உதடு வறண்டு வெடித்திருந்தது.

"பின்ன என்னங்க? என்னாலதான உங்குளுக்கு முறிஞ்சுபோச்சு," என்றார் பூவாத்தாள், ஏதோ சின்ன வேலையைச் சொல்கிற மாதிரி. "உங்க பங்குக்கு நான் இருந்துட்டனுங்க. எனக்கு முறையெல்லாம் தெரியாது. உங்க சாமி ஒத்துக்குமுங்களா?"

ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் சுமப்பதைப் பற்றிச் சகாயராஜ் பிறந்ததிலிருந்து பிரசங்கம் கேட்டிருக்கிறார். இன்றைக்கும் மூன்று மணிக்குக் கேட்டுவிட்டுத்தான் வந்தார். உள்ளே ஓடிப்போய்க் குடத்தில் ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு வந்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"ஒத்துக்கிடுவாருங்கக்கா," என்றார். "குடிங்க."

பூவாத்தாள் வாங்கி அண்ணாந்து குடித்தார். செம்பு காலியாகும்வரை சகாயராஜ் அங்கேயே நின்றார். ஆறு வீடும் பார்க்க அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.