கேள்விக்குறி போட்ட நிழல்

அமலாபுரத்தில் எடுத்த எக்ஸ்ரேயின் ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்லும் பொறுப்பு திரிபுராவின் தலையில் விழுந்தது. வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மாமனார் சத்திராஜு இருமிக்கொண்டே எதிரில் உட்கார்ந்திருந்தார்.

இடது நுரையீரலின் கீழே வட்டமாக ஒரு நிழல். அதுவரை சரளமாக வந்தவள் அடுத்த வரியில் நின்றுவிட்டாள். ‘மார்புக்காம்பின் நிழலாக இருக்கலாம்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. காம்பில் அடையாளம் ஒட்டி மறுபடி படம் எடுக்க வேண்டுமாம். நல்ல சேதிதான். ஆனால் மாமனார் எதிரில் முந்தானை நழுவாமல் பார்த்துக்கொள்கிற மருமகள் அதை எந்த வாயால் சொல்வாள்?

“என்னம்மா நின்னுட்டே?”

“ஒரு நிழல், மாவய்யா. இன்னொரு படம் எடுக்கணுமாம்.”

“எதோட நிழல்?”

அவள் முகம் சிவந்தது. காகிதத்தை மடித்தாள். “பயப்படற மாதிரி எதுவுமில்ல.”

“உங்க அத்தைக்கும் இப்படித்தான் சொன்னாங்க” என்றார் அவர், சுவரில் மாலை போட்டிருந்த மனைவியின் படத்தைப் பார்த்து. அன்று தட்டில் வைத்த பெசரட்டைத் தொடவில்லை.

விசாகப்பட்டினத்திலிருந்த புருஷனுக்குப் போன் செய்தாள். விழுந்து விழுந்து சிரித்தான். “எங்க நாயனாகிட்ட நான் சொல்றதா? உனக்குப் புண்ணியமாப் போகும், என்னை விட்டுடு.”

மறுநாள் சத்திராஜு தம்பி சூரிபாபு வீட்டுக்குப் போனார். தோப்பின் எல்லையில் நிற்கும் ஒரு தென்னை யாருடையது என்ற தகராறில் பேச்சுவார்த்தை அற்று, தம்பி மகள் கல்யாணத்துக்குக்கூட எட்டிப் பார்க்காதவர். திரும்பி வரும்போது மரம் தம்பிக்குப் போயிருந்தது. கூடவே வந்த தம்பியின் கண்ணும் வீங்கியிருந்தது.

திரிபுரா கணக்குப் போட்டுப் பார்த்தாள். சொன்னால் மரம் திரும்பி வந்துவிடும், சூரிபாபு போய்விடுவார். சொல்லாவிட்டால் மாமனார் பயத்திலேயே கரைந்துவிடுவார். வெட்கத்துக்கு இப்போது கௌரவமான காரணமும் கிடைத்துவிட்டது, வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டாவது படம் எடுத்த அன்று வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். படமெடுப்பவரின் குரல் தெருவுக்கே கேட்டது.

“நிழல் உங்க காம்புதாங்க, பெரியவரே. ஆம்பளைங்களுக்கும் விழும்.”

ஆட்டோவில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

வாசலில் சூரிபாபு நின்றிருந்தார். “அன்னய்யா, என்ன சொன்னாங்க?”

“உயிருக்கு ஒண்ணுமில்லடா.”

“அப்ப அந்த நிழல்?”

சத்திராஜு மருமகளைப் பார்த்தார். அவள் பூட்டைத் திறப்பதில் மும்முரமாக இருந்தாள்.

“பிறந்ததிலேர்ந்தே இருக்காம்.”

“அய்யய்யோ, வம்சத்துல வர்றதா?”

“நம்ம நாயனாவுக்கும் இருந்துது. உனக்கும் இருக்கும்.”

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சூரிபாபுவின் கை மெல்ல மார்புக்குப் போனது.

“அந்த மரத்தை நீயே வச்சுக்க, அன்னய்யா. இனிமே எனக்கெதுக்கு?”

சத்திராஜு வேண்டாம் என்று சொல்லவில்லை. தம்பியின் தோளில் கைபோட்டு உள்ளே அழைத்துப் போனார். “நாளைக்கே போய் ஒரு படம் எடுத்துடு. ரிப்போர்ட்டை நம்ம திரிபுராகிட்ட கொடு. அவ படிச்சுச் சொல்லுவா.”