மைக் அக்காவின் வாய்ப்புண்

ரயில் நிலையத்தில் அவளை எல்லோரும் மைக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டிகளின் வரவையும் தாமதத்தையும் பதினெட்டு வருஷமாக அறிவித்துக்கொண்டிருந்தாள். மூட்டுவாதத்தில் விரல்கள் மடங்க மறுத்தபோது, வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடும் மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஒன்றரை மாதத்தில் விரல்கள் மடங்கின. ஆனால் வாய் வெந்துபோனது.

கீழுதட்டின் உள்ளே இரண்டு புண், நாக்கின் அடியில் ஒன்று. மற்ற எழுத்துகளை எப்படியோ சமாளித்துவிட்டாள். 'ழ' சொல்ல நாக்கை மடக்கினால் உயிர் போனது. அதனால் ஏழாவது நடைமேடையை 'ஆறாவதுக்கு அடுத்த நடைமேடை' என்று அறிவித்தாள். நிலைய அதிகாரி உடனே போனில் வந்தார்.

"ஏம்மா, ஏழு எங்க போச்சு?"

லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

அவள் கணவர் தையல்காரர். மருந்துக்கடையில் இருப்பதிலேயே காரமான வாய் கொப்பளிக்கும் மருந்தை வாங்கி வந்து, எரிந்தால்தான் கேட்கும் என்றார். எரிந்தது, கண்ணில் தாரை தாரையாக நீர் வந்ததுதான் மிச்சம். எட்டாம் நாள் காலை தண்ணீர்கூட இறங்கவில்லை. மாத்திரை, மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குக் கிளம்பினாள்.

அங்கே நர்ஸ் கேட்ட கேள்விக்கெல்லாம் கணவரே முந்திக்கொண்டார். பல்லில் ஏதோ கோளாறு என்றார். சூட்டினால் வந்திருக்கும் என்றார். அவள் அவர் கையைப் பிடித்து அமர்த்தினாள்.

"வலி எனக்கு. நானே சொல்றேன்."

ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பையை மேஜைமேல் கவிழ்த்தாள். நர்ஸ் அதிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை.

சத்து மாத்திரை என்று நினைத்ததாகவும், நன்றாகத்தானே சாப்பிடுகிறோம் என்று விட்டுவிட்டதாகவும் மைக் அக்கா ஒப்புக்கொண்டாள்.

"இது ஃபோலிக் ஆசிட்க்கா. அந்த வார மாத்திரை உங்க வாயைப் பதம் பார்க்காம இருக்கத்தான் இதையும் கொடுத்தது" என்றாள் நர்ஸ்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். முடிவு வரும்வரை வார மாத்திரை வேண்டாம் என்றார். புண் வந்த அன்றைக்கே கூப்பிட்டிருக்க வேண்டும், எட்டு நாள் பொறுத்ததற்கு யாரும் மெடல் தரப்போவதில்லை என்று கடிந்துகொண்டார்.

காரமான மருந்தை நர்ஸ் குப்பையில் போட்டாள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் ஸ்பூன் சமையல் சோடாவும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து, பகலில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கொப்பளித்துத் துப்பச் சொன்னாள். குழந்தைகளுக்கான மெத்தென்ற பிரஷ், ஆறிய குழைவான சாப்பாடு, சாப்பிடுவதற்கு முன்னால் தடவ மரத்துப்போக வைக்கும் ஜெல். புளிப்பும் காரமும் கிட்டவே வரக்கூடாது.

தையல்காரர் போனில் அலாரம் வைத்துக்கொண்டார். அது அடித்தால் காஜா எடுக்கிற சட்டையை அப்படியே போட்டுவிட்டு, கழுத்தில் அளவு நாடாவோடு டம்ளரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார். நான்காம் நாள் அவள் ஒரு கிண்ணம் மசித்த உருளைக்கிழங்கை முழுசாகச் சாப்பிட்டாள். ரத்தத்தில் பயப்பட ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது.

புண் ஆறிய பிறகு டாக்டர் அளவைக் குறைத்து வார மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார். கூடவே மஞ்சள் மாத்திரை, அவர் குறித்துக் கொடுத்த நாட்களில். இடையில் விட்டதில் இரண்டு வாரம் விரல்கள் விறைத்தன. சட்டைப் பொத்தானைக் கணவர் போட்டுவிட்டார், அவள் அலட்டிக்கொள்ளவில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று மதியத்துக்குள் நாற்பத்தாறு அறிவிப்புகள். சாப்பாட்டு டப்பாவோடு வந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றிருந்த கணவர், அவள் வெளியே வந்ததும் வாய் வலிக்கிறதா என்று கேட்டார்.

"பசிக்குதுங்க" என்றாள்.