துண்டு விடு தூது

1

இந்தக் கதையின் முதல் வாக்கியத்தை நான் எழுதவில்லை. கே.ஜி.கண்டிகை டீக்கடையில் ஆட்டோக்காரர் கஜபதி சொன்னார். என்னிடம் அல்ல, வடை தின்றுகொண்டிருந்த இன்னொருவரிடம்.

"ஒம்போது வருசமா மூஞ்சி குடுத்துப் பேசாத அண்ணன் தம்பிய, தீவுல ஒரே ரூம்ல போட்டுட்டாங்கபா. அதுவும் ஒரே கட்டிலு."

அதற்குள் பஸ் வந்தது. ஏறிவிட்டேன். நின்று கேட்டிருக்கலாம். கேட்டால் நடந்தது தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் எழுத ஒன்றுமிருக்காது. திருத்தணியில் இறங்கும்போது இருவருக்கும் பெயர் வைத்து, வயது வைத்து, சண்டைக்குக் காரணமும் வைத்திருந்தேன்.

அந்தத் தீவுக்கு நான் போனதில்லை. அந்தமானில் அப்படிப்பட்ட ஒரு கடற்கரை விடுதியின் இணையப் பக்கத்தைப் பார்த்தேன். முப்பத்திரண்டு படங்கள். ஒன்றில்கூட மனிதர் இல்லை. நல்லதாயிற்று. இரண்டு பேரைக் கொண்டுபோய் வைக்க இடம் இருந்தது.

2

முதல் தொடக்கம்: "கடல் நீலமாக இருந்தது." அடித்துவிட்டேன். இதைச் சொல்ல ஒரு கதை வேண்டாம்.

இரண்டாம் தொடக்கம்: "அறைக்குள் நுழைந்த அண்ணன் தீனதயாளன், கட்டில் விரிப்பைத் தொட்டதும் அது தன் தறியில் நெய்தது என்று கண்டு…" இதையும் பாதியில் விட்டேன். அவர் தறியில் ஓடுவது சேலை. தவிர, இந்த மாதிரித் தற்செயல்களை எழுதுகிறவர்கள் மட்டும்தான் நம்புகிறார்கள்.

மூன்றாம் தொடக்கம்: "கட்டிலின் மேல் இரண்டு அன்னங்கள் முத்தமிட்டுக்கொண்டிருந்தன."

இது இருக்கட்டும்.

3

கட்டிலின் மேல் இரண்டு அன்னங்கள் முத்தமிட்டுக்கொண்டிருந்தன. குளியல் துண்டுகளை முறுக்கி, கழுத்தை வளைத்து, அலகோடு அலகு சேர்த்துச் செய்தவை. இரண்டு கழுத்துக்கும் நடுவே ஓர் இதயம் விழுந்திருந்தது. சுற்றிலும் ரோஜா இதழ்கள். வாசலில் தீனதயாளன் நின்றார், வயது ஐம்பத்தாறு. அவருக்கு நான்கடி பின்னால் தம்பி வேணு, வயது ஐம்பத்தொன்று. பெட்டிகளைக் கொண்டுவந்த ஊழியர் மனப்பாடமாக வைத்திருந்த வாழ்த்தைத் தொடங்கி, இருவரையும் பார்த்து, பாதியில் விழுங்கினார்.

நடந்தது இதுதான். அம்மையார்குப்பத்தில் அவர்கள் அப்பா பெருமாள் விட்டுப்போன விசைத்தறிக் கூடம் இருக்கிறது. நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் ஆறு தறி அண்ணனுக்கு, அந்தப் பக்கம் ஆறு தம்பிக்கு. எல்லாவற்றையும் பிரித்தவர்கள் கம்பெனிப் பெயரை மட்டும் பிரிக்கவில்லை. அதைப் பிரிக்க இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டும். அதனால் நூல் இன்றும் 'பெருமாள் அண்ட் சன்ஸ்' என்ற பெயரில்தான் வருகிறது. நூல் மில்லின் கண்ணுக்கு அது ஒரே பெரிய வாடிக்கையாளர். பெரிய வாடிக்கையாளர்களுக்கு மில் இந்த வருடம் தீவில் இரண்டு இரவு தங்கல் கொடுத்தது. 'பெருமாள், உடன் ஒருவர்' என்று பதிவாயிற்று. உடன் வருவது மனைவி என்று யாரோ முடிவு செய்து தேனிலவு அறையைப் போட்டார்கள்.

பெருமாள் இறந்து ஒன்பது வருடம்.

(இருவரும் எப்படிக் கிளம்பினார்கள் என்று கேட்பீர்கள். மனைவிமார் செய்த வேலை. அவர்கள் இருவரும் சுவருக்கு மேலே குழம்புக் கிண்ணம் மாற்றிக்கொள்ளும் அளவுக்கு ஒற்றுமை. 'அவர் போகலையாம், நீங்க போங்க' என்று ஆளுக்கொரு பக்கம் சொன்னார்கள். அண்ணனும் தம்பியும் சென்னை விமான நிலையத்தில்தான் பார்த்துக்கொண்டார்கள். ஏன் திரும்பிவிடவில்லை? திரும்பினால் அவனைப் பார்த்துத் திரும்பியதாக ஆகிவிடும். அதனால் இருவரும் பறந்தார்கள்.)

4

சண்டைக்குக் காரணம் ஒரே வாக்கியம்.

பெருமாள் நோயில் படுத்திருந்தபோது வேணு தறிச் சாமான் வாங்கச் சூரத் போயிருந்தார். நைனா (அப்பாவுக்கு அந்த வீட்டில் அதுதான் பெயர்) எழுந்துவிடுவார் என்று நம்பி அண்ணன் தகவல் சொல்லவில்லை. நைனா எழவில்லை. வேணு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கூட்டத்தின் நடுவில் கேட்டார், எனக்கு ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று. மூன்று நாள் தூங்காத தீனதயாளன் சொன்னார்:

"நீ யாரு கேக்கறதுக்கு?"

அடுத்த வாரம் செங்கல் வந்து இறங்கியது.

அதன்பிறகு ஜாடைப் பேச்சுதான்.* தறிக்கூடத்து நாய், மேஸ்திரி வெங்கடேசன், மின்வாரிய ஆள், யார் நடுவில் இருந்தாலும் போதும். "கரண்டு போவுதாம், அவருகிட்ட சொல்லிடு." அவர் மூன்றடி தள்ளித்தான் நிற்பார். காதில் விழுந்திருக்கும். ஆனாலும் நாய் வழியாகத்தான் பதில் வரும்.

* தமிழில் இதற்கு ஒரு மரபே உண்டு. கிளியை, மேகத்தை, அன்னத்தை நடுவில் வைத்துச் சொல்ல வேண்டியதைச் சொல்வது. புலவர்கள் அதைத் தூது என்றார்கள். அம்மையார்குப்பத்தில் அதற்குப் பெயர் கிடையாது. தினமும் நடக்கிறது.

5

இப்போது முக்கியமான விஷயம். தீனதயாளனின் மகள் பானுப்ரியாவுக்குக் கல்யாணம். இன்னும் ஐந்து வாரத்தில், திருத்தணி மலைமேல். முதல் பத்திரிகை சாமிக்கு வைத்தாகிவிட்டது. மீதிக் கட்டு பிரிக்கப்படாமல் வீட்டில் கிடக்கிறது. சாமிக்கு அடுத்தபடி கூடப்பிறந்தவனை அழைக்க வேண்டும், பிறகுதான் ஊர்.

கூடப்பிறந்தவனுக்குப் பத்திரிகை வைப்பதில்லை. வைத்தால் அந்நியன் என்று அர்த்தம். அவன் பெயர் பத்திரிகைக்குள் இருக்க வேண்டும், உறைமேல் இருக்கக் கூடாது. அவனை வாயால் அழைப்பதுதான் முறை. முகத்தைப் பார்த்து, ஜாடை இல்லாமல்.

பானுப்ரியா சித்தப்பாவின் பெயரை உள்ளே அச்சடித்துவிட்டாள். அப்பா கிளம்பும்போது ஒரு பத்திரிகையை அவர் பெட்டியில் வைத்தாள். ஒரே ஒரு பேச்சுதான் பேசினாள்.

"சித்தப்பா பக்கத்துல நிக்கலன்னா நான் மணையில ஒக்கார மாட்டேன் நைனா. நீ கூப்பிடு. இல்ல, கல்யாணத்த நிறுத்திடு."

தீனதயாளனுக்கு மகளைத் தெரியும். செய்வாள்.

6

அறையில் நாய் இல்லை. வெங்கடேசன் இல்லை. குளியலறைக்குச் சுவர்கூட இல்லை, கண்ணாடி. முதல் ஒரு மணி நேரம் இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார்கள். (கடல் வர்ணனை இங்கே வர வேண்டும். பிறகு.)

தீனதயாளன் தொலைபேசியை எடுத்தார். வரவேற்பில் துர்கா என்ற பெண். அந்தமானிலேயே பிறந்த தமிழ்ப் பெண்.

"ரெண்டு காப்பி அனுப்புமா. இரு… இங்க இருக்கறவருக்குச் சக்கர போடலாமான்னு கேளு."

"அவர் எங்க சார் இருக்காரு?"

"கட்டிலுக்கு அந்தாண்ட."

"போன அவர்கிட்ட குடுங்களேன் சார்."

"அது முடியாதுமா."

வேணு ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். "சக்கர நோயி வந்து மூணு வருசம் ஆவுதுன்னு சொல்லுமா."

துர்காவுக்கு அது கேட்டிருக்காது. தீனதயாளனுக்குக் கேட்டது. ரிசீவரைப் பிடித்தபடி நின்றார். மூன்று வருடமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவன் இனிப்பில்லாத காப்பி குடித்திருக்கிறான். வீட்டில் கேட்டிருந்தால் மனைவி சொல்லியிருப்பாள். அவர் கேட்டதில்லை.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"ஆங். சக்கர வேணாம்மா. ரெண்டுலயுமே வேணாம்."

(அதுவரை வேணுவின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் வரைவில் அவர் வெறும் பிடிவாதக்காரர், கதவை அறைந்து சாத்தும் ஆள். கதைக்கு அது வசதி. சர்க்கரை அவருக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. நான் வைக்கவில்லை. அவரே சொன்னார்.)

7

கட்டிலில் அன்னங்களை நடுவே நகர்த்தி வைத்து எல்லை போட்டுக்கொண்டார்கள். மறுநாள் காலையிலிருந்து அன்னங்களுக்கு வேலை அதிகம்.

"கண்ணாடி ரூம்ல குளிக்கறவங்க தெரைய இழுத்துக்கினு குளிக்கச் சொல்லு" என்றார் அண்ணன்.

"இந்த ஒடம்ப யாரு பாக்கப் போறாங்கன்னு கேளு."

"பாக்கறவன் கஷ்டத்த சொல்றேன்னு சொல்லு."

காலையில் கடற்கரைக்குப் போனார்கள். குடை ஒன்று, அதன் கீழ் சாய்வு நாற்காலி இரண்டு. தனித்தனியாக இழுக்கப் பார்த்தார்கள். அடியில் பிணைத்திருந்தது. உட்கார்ந்தார்கள். எதிரில் கடல். என் வர்ணனைப் பாக்கியை இப்போது அவர்களே தீர்த்தார்கள்.

தீனதயாளன் கையிலிருந்த இளநீரிடம் சொன்னார், இது ஆனந்தா நீலம் என்று. வேணு குடைக்கம்பியிடம் சொன்னார், நெய்யறவன் கண்ணா அது, மயில்கழுத்து என்று. இளநீர் ஒப்புக்கொள்ளவில்லை. குடைக்கம்பி விடவில்லை. கடைசியில் வேணு கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார்.

"நைனா இருந்தா சொல்லி இருப்பாரு. பாவு நூலு நீலம், ஊடை நூலு பச்ச."

ஒன்பது வருடத்தில் இருவருக்கும் நடுவே 'நைனா' என்ற சொல் வந்தது அப்போதுதான்.

8

இதுதான் சமயம் என்று தீனதயாளன் நினைத்தார். நானும் நினைத்தேன். இருவருமே அவசரப்பட்டோம்.

மதியம் அறைக்கு வந்ததும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். இடது அன்னத்தின் கழுத்தைச் சரிசெய்தார். தொண்டையைக் கனைத்தார்.

"பானுவுக்கு ஆவணி பன்னெண்டு கல்யாணம். மலைமேல. குடும்பத்தோட வந்துடச் சொல்லு."

வேணு செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. அவரும் அன்னத்திடம்தான் பேசினார்.

"அன்னம், ஒன்னத்தான் கூப்பிடறாங்க. நல்ல எடம், போய்ட்டு வா. சாப்பாடு நல்லா இருக்கும்." பிறகு, "என்ன எதுக்குக் கூப்பிடணும். நான் யாரு கேக்கறதுக்கு" என்றார்.

ஒன்பது வருடம் அந்த வாக்கியத்தை அவர் அப்படியே மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார்.

9

இந்த இடத்தில் எனக்குச் சில வழிகள் இருந்தன.

கடலில் வேணுவுக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம் வருகிறது, அலை இழுக்கிறது, அண்ணன் 'வேணு' என்று கத்தியபடி… எழுதினேன். நன்றாகவே வந்தது. கிழித்தேன். ஒருவனை மூழ்கடித்துத்தான் இன்னொருவன் வாயைத் திறக்க வைக்க முடியும் என்றால் நான் வேறு வேலை பார்க்கலாம்.

அண்ணன் பத்திரிகையைத் தலையணை மேல் வைத்துவிட்டு வெளியே போகிறார், வேணு பிரித்து உள்ளே தன் பெயரைப் பார்க்கிறார், கண் கலங்குகிறது. இது பலருக்குப் பிடிக்கும். ஆனால் வேணு பிரிக்க மாட்டார். வைத்த கணமே அவர் அந்நியன். உள்ளே யார் பெயர் இருந்தால் என்ன?

இருவரும் பேசாமலே திரும்புகிறார்கள், பானுப்ரியா மணையில்…

இல்லை. அவள் சொன்னதைச் செய்வாள். எனக்கு அவளைத் தெரியும்.

10

மூன்றாம் நாள் காலை. பதினோரு மணிக்கு வண்டி வரும். சிற்றுண்டி முடித்து வந்து பார்த்தால் அறையைச் சுத்தம் செய்திருந்தார்கள். இதழ்கள் இல்லை. அன்னங்கள் இல்லை. கிளம்புகிறவர்களுக்கு அன்னம் செய்வதில்லை போலிருக்கிறது. கட்டிலின் கால்மாட்டில் இரண்டு துண்டுகள் மடிப்பாக இருந்தன.

தீனதயாளன் தொலைபேசியை எடுத்தார். துர்காவுக்கு விடுப்பு. ஓர் ஆண் குரல் இந்தியில் ஏதோ கேட்டது. வைத்துவிட்டார்.

மணி பத்தே முக்கால்.

ஒரு துண்டை எடுத்து விரித்தார். இரண்டு ஓரத்தையும் நடுவுக்குச் சுருட்டினார். மடக்கினார். கழுத்தை வளைத்தார். சாய்ந்தது. மறுபடி வளைத்தார். முப்பத்தைந்து வருடமாக அறுந்த இழையை முடிகிற கை. ஒரு பறவை நிற்கவில்லை. ஒருவழியாக நின்றதைப் பார்த்து வேணுவின் வாய் ஒருபக்கம் கோணியது.

"அது கோழி மாதிரி இருக்குன்னு…"

நிறுத்தினார். 'சொல்லு' என்று முடிக்க வேண்டும். யாரிடம்? அன்னம் இன்னும் அன்னம் ஆகவில்லை. அறையில் வேறு எதுவும் இல்லை. ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அவர்களுக்கு நடுவில் யாருமே இல்லை.

அப்படித்தான் எழுதினேன். பிறகுதான் பிழை தெரிந்தது. நான் இருந்தேன். முதல் பக்கத்திலிருந்தே இருந்தேன், ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபடி. என் பக்கத்தில் நீங்களும். நாம் வந்ததால்தான் அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. தறிக்கூடத்து நாய் செய்ததை நாம் இவ்வளவு நேரமாகச் செய்திருக்கிறோம்.

இலக்கணத்தில் மூன்று இடம்: தன்மை, முன்னிலை, படர்க்கை. இந்தக் கதையைப் படர்க்கையில் எழுதத் தொடங்கினேன். அண்ணனும் தம்பியும்கூட ஒன்பது வருடமாகப் படர்க்கையில்தான் வாழ்ந்தார்கள். முன்னிலைக்குப் போக வழி ஒன்றுதான். மூன்றாவது ஆள் எழுந்து போக வேண்டும்.

துண்டு சரிந்து விழுகிறது. தீனதயாளன் அதை எடுக்கவில்லை. நிமிர்ந்து தம்பியைப் பார்க்கிறார். வேணுவும் பார்க்கிறார். வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம். அண்ணன் சொல்லப்போகும் முதல் சொல் எனக்கு நிச்சயமாகத் தெரியும். கடைசியாகத் தம்பியிடம் நேரே சொன்ன வாக்கியத்தின் முதல் சொல்லேதான்: "நீ". அதற்கு அடுத்த சொல் இந்த முறை வேறு. அது வேணுவுக்குச் சொல்வது. எனக்கோ உங்களுக்கோ அல்ல.

நான் எழுந்துவிட்டேன். அறையில் இன்னும் உட்கார்ந்திருப்பது நீங்கள்தான்.