அட்டை இல்லாத நாவல்கள்

"யாரு இந்த டாக்டர்?"

அண்ணன் கேட்டபோது அவள் வேலையிலிருந்து வந்து ஒரு காலில் செருப்போடு நின்றுகொண்டிருந்தாள். முன்னறையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். டிவி அணைந்திருந்தது. அந்த வீட்டில் மாலை ஏழு மணிக்கு டிவி ஓடவில்லை என்றால் யாருக்கோ உடம்பு முடியவில்லை, இல்லாவிட்டால் யாரோ மாட்டிக்கொண்டார்கள். அம்மா கன்னத்தில் கைவைத்திருந்தாள். அண்ணி ஏற்கெனவே மடித்த துணிகளை எடுத்து மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கையில் அவளுடைய நோட்டு.

"எந்த டாக்டர்?"

"நடிக்காதே பாப்பா. நானே படிக்கிறேன், கேளு."

இருபத்தாறு வயதிலும் அந்த வீட்டில் அவள் பாப்பாதான். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தான்.

"'டாக்டர். முதலில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு ஒரே நாளில், உயிரையே கொடுப்பேன் என்கிறான். இப்படித் திடீரென்று மாறுகிறவன் நாளைக்கு அந்தப் பக்கமும் மாறுவான். பேச்சு இனிக்கிறது. ஆளை நம்ப முடியவில்லை.' இது யாரு?"

"கதையில வர்றவன்."

"அப்ப இது? 'பள்ளிக்கூடத்துப் பையன். பதினேழு வயசுக்கு ரொம்பத் தெளிவாகப் பேசுகிறான். அந்த வயசில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. ஆனாலும் மொட்டைமாடியில் கையைப் பிடிக்கத் தயங்கிய இடம் நிஜம்.'"

"பதினேழு வயசா!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "டாக்டரு, பள்ளிக்கூடத்துப் பையன், அதென்ன, கோபக்காரன்னு வேற ஒருத்தன். எத்தனை பேருடி?"

சிரிப்பு வரவேண்டிய இடம்தான். யாரும் சிரிக்கவில்லை.

"எல்லாம் நாவல்மா. படிச்சு முடிச்சதும் என்ன தோணுதோ அதை எழுதி வைப்பேன். அதுல அத்தியாயம்னு போட்டிருக்கே, பாருண்ணா."

"அதெல்லாம் சங்கேதம்" என்றான் அண்ணன். "நாவலுன்னா பேரு எங்க? எழுதினவன் பேரு எங்க? சரி, அதை விடு. கீழே பதில் எழுதியிருக்கறது யாரு?"

ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே சாய்ந்த எழுத்தில் பதில் இருந்தது. 'நீ சொல்வது சரிதான். ஆனால் மழையில் நனைந்து வந்து நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மனசைக் கல்லாக்கிக்கொள்ளாதே. வெள்ளிக்கிழமை இன்னொன்று அனுப்புகிறேன்.'

"ஆம்பளை எழுத்து மாதிரிதான் இருக்கு" என்றாள் அண்ணி, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். அலமாரியில் போர்வைக்கு அடியிலிருந்து நோட்டைக் கண்டெடுத்தவள் அவள்தான்.

"எங்க கடையில ஃபிட்டர் இருக்காரில்ல, அவரோட வீட்டம்மா எழுதினது. அவங்க பைண்டிங் பண்ற இடத்துல வேலை பாக்கறாங்க. அவர்தான் பையில வெச்சுக் கொண்டு வருவார்."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அவள் செய்த தப்பும் அதுதான்.

டாக்டருக்காகக் கத்திக்கொண்டிருந்த அண்ணன் ஃபிட்டர் என்றதும் குரலைத் தாழ்த்திவிட்டான். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினான்.

"அவங்க யாரு, என்ன ஆளுங்கன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். லென்ஸ் நல்லாத் தேய்ப்பார்."

கன்னத்தில் அறை விழுந்தது. அண்ணன் அவளை அடித்தது அதுவே முதல் தடவை. அடித்த பிறகு அவன்தான் அவளைவிட அதிகமாகப் பயந்தவன்போல் நின்றான்.

அவள் மூன்று தெரு தள்ளி ஒரு கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கும் வேலையில் இருந்தாள். கண் முன்னால் ஒவ்வொரு வில்லையாக மாற்றிப்போட்டு, "இதுல தெளிவா இருக்கா, முன்னாடி போட்டதுல தெளிவா இருக்கா?" என்று நாள் முழுக்கக் கேட்கவேண்டும். கேட்டுக் கேட்டு அவளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. நன்றாக இல்லாததை நன்றாக இருக்கிறது என்று சொல்லமுடியாது. ஒருநாள் ஆள் வராத மத்தியானத்தில், உள்ளே லென்ஸ் தேய்க்கும் ஃபிட்டரின் சாப்பாட்டுப் பையில் ஒரு நாவலைப் பார்த்தாள். மேலட்டை இல்லை. நடுவே பதினாறு பக்கம் தலைகீழாகத் தைக்கப்பட்டிருந்தது.

"எங்க வீட்ல படிக்கறதும்மா" என்றார் அவர். "கெட்டுப்போன காப்பியைக் கிழிச்சுப் போடச் சொல்லுவாங்களாம். இவ எடுத்துட்டு வந்துருவா. வேணுமா?"

அப்படித்தான் தொடங்கியது. கடைக்கே இன்னும் வராத புது நாவல்கள், காதல் கதைகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கதைகளும், மை வாசனையோடு அவளுக்கு வந்தன. அட்டையும் முதல் தாளும் இல்லாததால் பெயர் தெரியாது. ஆகவே கதாநாயகனை வைத்தே எழுதினாள். புத்தகத்தோடு நோட்டும் போய் வந்தது. ஒரு வருஷத்தில் நாற்பத்திரண்டு நாவல்கள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. பார்க்கவேண்டும் என்று தோன்றியதும் இல்லை. ஒருத்தி கறாராக எழுதுவாள், இன்னொருத்தி இரக்கப்படுவாள். அதிலேயே இரண்டு பேருக்கும் போதுமானதாக இருந்தது.

மறுநாள் காலை அண்ணன் கடைக்குப் போனான். பத்தே நிமிஷம். முதலாளியிடம் என்ன சொன்னான் என்பது யாருக்கும் முழுசாகத் தெரியாது. பதினோரு வருஷம் அங்கே வேலை பார்த்த ஃபிட்டர் மத்தியானம் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். விஷயத்தை அண்ணிதான் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு, "எனக்கே ஒரு மாதிரியா இருக்கு" என்று சேர்த்துக்கொண்டாள்.

பாப்பாவை வேலைக்குப் போகவேண்டாம் என்றார்கள். போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அழுகை வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. பல் பிடுங்கிய அன்றைக்குக் கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னமோ போலிருக்குமே, அப்படி இருந்தது உடம்பு முழுக்க. சாப்பிடு என்றால் சாப்பிட்டாள். குளி என்றால் குளித்தாள். அவள் அடங்கிவிட்டாள் என்று அம்மா அண்ணியிடம் சொன்னாள். ஏற்கெனவே பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை தேதி குறிக்க வருவதாக இருந்தார்கள். அதற்குள் எதுவும் வெளியே தெரியக்கூடாது என்பதுதான் வீட்டின் ஒரே கவலை.

சனிக்கிழமை மத்தியானம் வாசல் மணி அடித்தது.

கட்டை குட்டையாக ஒரு பெண் நின்றிருந்தாள். விரல் நகங்களில் பசை காய்ந்திருந்தது. தோளில் கனமான துணிப்பை.

"நான் ஃபிட்டர் வீட்டுக்காரிங்க" என்றாள். "அந்த நோட்டுல எழுதினது நான்தான். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அண்ணன் கதவைப் பாதி திறந்தபடி நின்றான். பிறகு தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உள்ளே வரச்சொன்னான். உள்ளே என்றால் கதவுக்கு இந்தப் பக்கம், கால்மிதி வரைக்கும். முன்னறையில் மூன்று நாற்காலிகள் காலியாக இருந்தன. உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவளும் நாற்காலிகளைப் பார்க்கவில்லை. பழக்கப்பட்டவள்.

பையைத் தரையில் கவிழ்த்தாள். ஒன்பது பத்து நாவல்கள், ஒன்றுக்கும் அட்டை இல்லை.

"இதோ டாக்டர். இது கோபக்காரன். இதுதான் பள்ளிக்கூடத்துப் பையன், கடைசிப் பக்கமெல்லாம் காணோம். பேப்பர் இருந்தாக் குடுங்க சார், எழுதிக் காட்டறேன்."

அண்ணன் பேப்பர் கொடுத்தான். அவள் தரையில் குந்தி, மழையில் நனைந்து வந்து நின்ற வரியை அப்படியே எழுதிக் காட்டினாள். அண்ணன் நோட்டோடு ஒத்துப்பார்த்தான். அதே சாய்வு. அதே எழுத்து.

உள்ளிருந்து பாப்பா வந்தாள். இரண்டு பேரும் முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டார்கள்.

"நீதானா?" என்றாள் வந்தவள்.

"நான்தான்."

"நீ கொஞ்சம் வயசானவளா இருப்பேன்னு நெனச்சேன். அவ்வளவு கறாரா எழுதுற."

"கோபக்காரன் கதையோட முடிவு உங்களுக்கு நெஜமாவே பிடிச்சிருந்ததா?"

"பின்ன? அப்பன், அண்ணன் எல்லாரும் வந்து நல்லா இருங்கன்னு வாழ்த்துறாங்கல்ல. நாலு தடவை படிச்சேன்."

"எனக்கு அதான் பிடிக்கலை. காதலைக்கூட நம்பிட்டேன். அந்த அண்ணனை நம்ப முடியலை."

"நம்பறதுக்கா படிக்கிறோம்?" என்றாள் அவள். "நடக்காதுன்னு தெரிஞ்சுதான படிக்கிறோம்."

அண்ணன் நோட்டை மூடினான். அவன் முகத்தில் நாலு நாளாகக் கட்டியிருந்தது அவிழ்ந்தது. "அட, இவ்வளவுதானா! இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொன்னேன்" என்றாள் பாப்பா.

அது யார் காதிலும் விழவில்லை. அண்ணி தண்ணீர் கொண்டுவந்தாள், பேப்பர் கப்பில். வந்தவள் குடித்தாள். கப்பைக் கசக்கித் தன் பையிலேயே போட்டுக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரரோட வேலை..." என்று இழுத்தாள்.

"அது முதலாளி விஷயம். நான் என்னத்தைச் சொல்றது?" என்றான் அண்ணன்.

புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்கிப் பையில் போட்டுக்கொண்டு அவள் போய்விட்டாள். கதவு சாத்திய பிறகு அம்மா வெகுநேரம் கால்மிதியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வருஷமா அந்த வீட்டுப் புஸ்தகத்தையா படுக்கையில போட்டுப் படிச்ச?" என்றாள். பிறகு, பெருமூச்சோடு, "இதுக்கு நம்ம ஆளுங்கள்ல ஒரு பையனாவே இருந்திருக்கலாம்" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். அப்பா போன பிறகு இரண்டு பிள்ளைகளையும் தனியாக வளர்த்தவள். யாருக்கும் கெடுதல் நினைக்காதவள் என்று தெருவே சொல்லும்.

"அண்ணா, கடைக்குப் போய்ச் சொல்லிட்டு வந்துரு" என்றாள் பாப்பா.

"என்னன்னு?"

"நீ சொன்னது தப்புன்னு."

"நான் போய் அந்த ஆளுக்காகத் தலைகுனிஞ்சு நிக்கணுமா? விடு பாப்பா. அவருக்கு வேற எடம் கெடைக்காமயா போயிரும்?"

நோட்டை அண்ணன் திருப்பிக் கொடுத்தான். வாங்கி எங்கோ வைத்தாள். எங்கே வைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை ஒரு மருந்துக் கம்பெனியில் மேற்பார்வையாளர். சட்டையின் முதல் பொத்தான்வரை போட்டிருந்தார். டீ வந்தது. தேதி பேசி முடிந்தது. எல்லார் மனசும் லேசாக இருந்ததால் அண்ணனுக்கு வாய் திறந்துகொண்டது. ஐந்து நாளாக மூடிவைத்த விஷயத்தை அவனே சிரிப்புக் கதையாக ஆக்கிச் சொன்னான். டாக்டர், கோபக்காரன், பதினேழு வயசுப் பையன், அம்மா தலையில் அடித்துக்கொண்டது. "கடைசில பாத்தா ஒரு பொம்பளை! பை நெறைய அட்டை கிழிஞ்ச புக்கு!" என்று அவன் முடித்தபோது எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாப்பிள்ளைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அந்த ஆளு?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"வேலையை விட்டு எடுத்தாச்சு."

"அதுவும் நல்லதுதான். பொம்பளைப் பிள்ளை வேலை பார்த்த எடம்."

மாப்பிள்ளை பாப்பாவின் பக்கம் திரும்பினார். கெட்டவர் இல்லை. நிஜமான ஆவலோடுதான் கேட்டார். "அந்த நோட்டை நானும் படிக்கலாமா?"

"படிங்க" என்றாள். அவள் குரல் அவளுக்கே தூரத்தில் கேட்டது. "அதுக்கு முன்னாடி ஒரு உதவி. கடை மூணு தெரு தள்ளித்தான். எங்கூட வந்து, அந்த ஆள் மேல தப்பு இல்லைன்னு முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

சிரிப்பு நின்றது. மாப்பிள்ளை தன் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா டீக் கோப்பையைப் பார்த்தாள்.

"அது... இப்ப நல்லா இருக்காதுங்களே" என்றார்.

"சரி" என்றாள். எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள்.

"எங்கடி?" என்றாள் அம்மா.

"கடைக்கு."

ஏதோ வாங்கத்தான் போகிறாள் என்று விருந்தாளிகள் நினைத்துக்கொண்டார்கள். அவர்கள் முன்னால் கத்தமுடியாமல் அண்ணனும் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தான்.

கடையில் கூட்டமில்லை. உள்ளே ஃபிட்டரின் இடத்தில் ஒரு புது ஆள் உட்கார்ந்திருந்தான். முதலாளி அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அவள் சொல்லவேண்டியதை நின்றபடியே சொன்னாள். நோட்டு, நாவல், அந்தப் பெண் வீட்டுக்கு வந்தது, எழுதிக் காட்டியது. எங்க அண்ணன் சொன்னது நடக்காத விஷயம். அந்த ஆளைத் திரும்பக் கூப்பிடுங்க.

முதலாளி எல்லாவற்றையும் கேட்டார். தலையைக்கூட ஆட்டினார்.

"எனக்கும் மனசு கேக்கலைம்மா. தங்கமான வேலைக்காரன். இவன் தேய்க்கறதுல பாதி உடையுது. ஆனா நீ வந்து சொல்றதை வெச்சு நான் எப்படிம்மா கூப்பிடறது? ஊரு என்ன பேசும்? உங்க அண்ணன் வந்து சொல்லட்டும். அடுத்த நிமிஷம் கூப்பிடறேன்."

அண்ணன் பழி சொன்னபோது முதலாளி ஒரு சாட்சி கேட்கவில்லை. பத்து நிமிஷம் போதுமானதாக இருந்தது. கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலை இழுத்து, தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில், கண்ணாடிக் கதவுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னம்மா இது?"

"ஒண்ணுமில்ல. இருக்கேன்."

"இன்னைக்கு வீட்டுக்கு விருந்தாளுங்க வர்றதா அன்னைக்கு உங்க அண்ணன் சொன்னாரே!"

"ஆமா. வந்திருக்காங்க."

அரைமணி நேரம் போனது. போனவர்களும் வந்தவர்களும் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். இரண்டு பேர் நின்றே பார்த்தார்கள். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி இருந்தாள். பயம், அவமானம் எதுவும் வரவில்லை. கால் மட்டும் கொஞ்சம் குளிர்ந்தது.

முதலாளியின் போன் அடித்தது. எடுத்தவர் முகம் மாறியது. "இங்கதான் இருக்கு... ஆமா, வாசலைப் பாத்துத்தான்... நான் என்னங்க பண்றது..." என்று திக்கிவிட்டு, போனை அவளிடம் நீட்டினார்.

"உங்க அண்ணன். உடனே கிளம்பி வரச் சொல்றார். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டுக்கிட்டே இருக்காங்களாம்."

அவள் போனை வாங்கவில்லை.

"நேர்ல வந்து உங்ககிட்ட சொல்லிட்டு, என்னைக் கூட்டிட்டுப் போகட்டும்" என்றாள்.