மணையில் ஏறிய போன்

கரமனைத் தெருவில் போனுக்கு ஆசாரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகிறது. கொரோனாவில் விமானங்கள் நின்றபோது வெளிநாட்டுப் பிள்ளைகள் வீடியோ காலில் திவசம் செய்ய ஆரம்பித்தார்கள். ஆபத்துக்குப் பாவமில்லை என்று எல்லோரும் தலையாட்டினார்கள். விமானங்கள் மறுபடி பறந்தன, பிள்ளைகள்தான் வரவில்லை. தெரு சும்மா இருக்குமா? விதிகளை உண்டாக்கிக்கொண்டது. போனின் தோலுறையைக் கழற்றிவிட வேண்டும். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் அதற்கு ஸ்நானம் ஆயிற்று. பிறகு பிள்ளை உட்கார வேண்டிய மணையில் அதைக் கிழக்கு பார்த்து நிறுத்தி, அவன் விரலில் போட வேண்டிய தர்ப்பை மோதிரத்தை ஸ்டாண்டின் கம்பியில் மாட்ட வேண்டும். அப்புறம் திவசம் முடிகிறவரை யாரும் அதைத் தொடக் கூடாது.

பகவதிக்கு இதெல்லாம் மனப்பாடம். போன் அவளுடையது, துடைக்கிறவளும் அவள்தான்.

அம்மா காந்திமதி போய் அன்றோடு ஒரு வருஷம். அம்மா படுக்கையில் கிடந்த ஒன்பது வருஷமும் பகவதிதான் பார்த்தாள். அதற்காகப் பள்ளிக்கூட வேலையை விட்டாள். அவள் கல்யாணப் பேச்சை மற்றவர்கள் அதற்கு முன்பே விட்டிருந்தார்கள். தம்பி மணிகண்டன் கனடாவில் இருந்தான். மாதம் தவறாமல் பணம் அனுப்பினான், அதில் குறை சொல்ல முடியாது. அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கத்தான் பணத்துக்குக் கையில்லை.

பத்து நாள் முன்னால், வருஷ திவசத்துக்கு நாள் குறிக்க வந்த அனந்த வாத்தியாரிடம் அவள் கேட்டுப் பார்த்தாள்.

"மாமா, அம்மாவுக்கு நானே எள்ளும் ஜலமும் விடப்படாதா?"

"பொண்ணு பண்ற வழக்கம் இந்தத் தெருவுல இல்லையாக்கும். பிள்ளை இருக்கானே."

"எங்கே இருக்கான்?"

"எங்கே இருந்தா என்ன? இருக்கானோல்லியோ?"

அந்தப் பிள்ளை இப்போது வீடியோவிலும் இல்லை. இங்கே காலை பத்தரை என்றால் அவனுக்கு நடுராத்திரி நெருங்கிவிடும், மறுநாள் ஆபீஸ். அதனால் போன வருஷம் அப்பா திவசத்திலிருந்து புது ஏற்பாடு. அவன் திருப்பிச் சொல்ல வேண்டிய மந்திரங்களை அவன் குரலிலேயே மகன் கௌசிக் அளவாக இடைவெளி விட்டுப் பதிவு செய்து கொடுக்க, அவன் அனுப்பிவிடுவான். வாத்தியார் சொல்லச் சொல்ல, போன் திருப்பிச் சொல்லும். நேரில் வந்து உட்கார்ந்து முழுங்கி முழுங்கிச் சொல்கிறவர்களைவிட இது எவ்வளவோ மேல் என்று வாத்தியார் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். இன்னும் நாலு வீட்டில் அதே மாதிரி ஆரம்பித்தார்கள்.

பகவதி மனதைத் தேற்றிக்கொண்டாள். கையால் செய்யக் கிடைக்கவில்லை, காதால் கேட்கவாவது கிடைக்குமே. அம்மாவைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு அவள் கேட்டதில்லை. அப்பாவுக்கு அம்மா 'இந்தா', அக்கம்பக்கத்துக்கு 'மணியோட அம்மா'. ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும் காந்திமதி. பெற்ற பிள்ளையின் குரலில் ஒரு தடவை அந்தப் பெயர் இந்த வீட்டில் கேட்கட்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

திவசத்தன்று வாத்தியார் அவசரத்தில் வந்தார். சாஸ்தமங்கலத்தில் இன்னொரு வீடு காத்துக்கொண்டிருந்தது. போனைத் தட்டிவிட்டு ஆரம்பித்தார். மணிகண்டனின் குரல் கணீரென்று வந்தது. பெயர் வரும் இடம் நெருங்கியது. சுவரோரம் நின்றிருந்த பகவதி ஓரடி முன்னால் வந்தாள்.

வாத்தியார் காந்திமதி என்றார். போன் சுந்தரராமன் என்றது.

"நிறுத்துங்கோ மாமா," என்றாள் பகவதி. "இது அப்பாவோடது. போன வருஷத்து ரெக்கார்ட். மணி மாத்தி அனுப்பிட்டான்."

மணையிலிருந்து போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். ரிங் முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டாள், அதுவும் ஓய்ந்தது. வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பரவாயில்லை. போனைத் துடைச்சு வெச்சுடு. பேரு வர்ற இடத்துல நான் மனசுல சரியா நினைச்சுக்கறேன். அம்மாவுக்கு மனசிலாகும், புரிஞ்சுப்பா."

"நான் சொல்றேனே மாமா. அந்த ஒரு பேரை மட்டும்."

"நடுவுல ஸ்திரீ குரல் வரப்படாது, பகவதி."

"மெஷின் குரல் வரலாமா?"

"அது மெஷின் இல்லையாக்கும். அது மணி."

பாவம், மனதார நம்பித்தான் சொன்னார். பகவதி ஈரத்துணியை எடுத்துப் போனைத் துடைத்து மணையில் வைத்தாள். எள்ளும் ஜலமும் வார்த்து முடிக்கிறவரை அது அப்பாவையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஏழு தடவை. அவள் எண்ணினாள். அம்மாவின் திவசத்தில் அம்மாவுக்கு இடமில்லாமல் போயிற்று. யார்மேல் கோபப்படுவது? தன் கைமேல்தான் வந்தது, அதைத் துடைத்துத் துடைத்து மணையில் ஏற்றிய கை.

சாயங்காலம் ஆறரைக்கு மணிகண்டன் கூப்பிட்டான். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

"அக்கா, ராத்திரி கூப்பிட்டிருக்கே, நான் சைலன்ட்ல போட்டுட்டேன். எல்லாம் நன்னா நடந்துதோ? அம்மா பேரைச் சொல்றச்சே எனக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு, கேட்டியோ. கௌசிக் மூணு தடவை எடுத்தான்."

பகவதி உம் என்றாள். தொண்டை அடைத்த அந்தக் குரல் அவன் போனிலேயே கிடக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"இனி ஒரு பிரச்னையும் இல்லை. வருஷா வருஷம் இதையே போட்டாப் போறும். அப்புறம், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கௌசிக் உனக்கும் ஒரு திவச ரெக்கார்ட் பண்ணி வெச்சுட்டான். உனக்குன்னு யாரும் இல்லையே, பின்னால திண்டாடப்படாதேன்னு. இருக்கறதுல பேரை மாத்தறது ஒரு நிமிஷ வேலையாம்."

அவன் அன்பாகத்தான் சொன்னான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"எனக்கு வேண்டாம், மணி," என்றாள். "என் பேரை எடுத்துட்டு அங்கே அம்மா பேரைப் போடச் சொல்லு. இன்னிக்கு நீ அம்மாவைக் கூப்பிடவே இல்லை. மாத்தி அனுப்பிட்டே. அம்மா திவசத்துல ஏழு தடவை அப்பாவைக் கூப்பிட்டே."



"ஹலோ," என்றான் மணிகண்டன். "ஹலோ, அக்கா? ஒண்ணும் கேக்கலை. நெட்வொர்க் சரியில்லை போல இருக்கு."

அவன் வீட்டுக் குழாயில் தண்ணீர் விழுவதும், பின்னாலிருந்து கௌசிக் என்ன ஆச்சு என்று இங்கிலீஷில் கேட்பதும் பகவதிக்குத் தெளிவாகக் கேட்டன.