வெள்ளைக் கவுனுக்குக் கடைசிக் கொக்கி

மழை விட்டதும் பிள்ளைகள் மூன்றும் வெளியே பாய்ந்ததிலிருந்தே தையல்காரரின் கண் கொல்லைப் பக்கமே இருந்தது. உள்ளே ஹாங்கரில் வெள்ளைக் கவுன் தொங்குகிறது. ஐந்து மணிக்குப் பாடகி வந்து, அதைப் போட்டுக்கொண்டு நேரே மேடைக்குப் போகிறார். போன தடவை அவருடைய சட்டையில் பிள்ளைகளில் ஒன்றின் ஐந்து விரலும் சேறாகப் பதிந்திருந்தது. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற டெய்லரைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் போனால் அவருடைய பாட்டுக் குழு மொத்தமும் போய்விடும்.

நாலரைக்கு மூன்று சேற்று உருண்டைகள் கொல்லையில் வந்து நின்றன. எது பெரியவள், எது நடுவான், எது கடைக்குட்டி என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மனைவி ஆஸ்பத்திரி டியூட்டியில். அதனால் என்ன, நம்ம ஆள் லேசுப்பட்டவரா? ஹோஸ் பைப்பை எடுத்தார். தலையில் ஆரம்பித்துப் பாதத்தில் முடிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் விடிய விடிய கழுவ வேண்டியதுதான்.

பெரியவள் முடிந்து, சட்டை மாற்ற உள்ளே போனாள். நடுவானும் முடிந்தான். கடைக்குட்டி சோப்பு நுரையோடு நழுவி ஓட, பிடிக்கப் பாய்ந்தவர் சேற்றில் குப்புற விழுந்தார். தலை முதல் கால் வரை பாக்கியில்லை. குட்டியோ ஒரு பொட்டு சேறில்லாமல் உள்ளே ஓடிவிட்டான்.

வாசலில் மணி அடித்தது. எழுந்து ஓடியவரைக் கொல்லைக் கதவில் பெரியவள் மறித்தாள்.

"அப்பா, அங்கயே நில்லுங்க. மூக்குக்குள்ளகூட சேறு."

"கழுத்துக் கொக்கி பாக்கிடி. அவங்க போட்டப்புறம் அளவு பாத்துத்தான் தைக்கணும்."

"நான் தைக்கறேன்."

வயது ஒன்பது. இதுவரை பொம்மைக்குத்தான் தைத்திருக்கிறாள். இவர் குளித்து வருவதற்குள் மேடையில் திரையே ஏறிவிடும். பெரியவள் கதவைத் திறந்துவிட, கவுனைப் போட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி பாடகி முதுகைக் காட்டி நின்றார். பெரியவள் ஸ்டூலில் ஏறினாள். தையல்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"ஊசியை மெதுவா..."

"சும்மா இருங்கப்பா. எனக்குத் தெரியும்."

அவள் முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்தாள்.

"ஆன்ட்டி, மூச்சை இழுத்துப் பாடிப் பாருங்க."

பாடகி நெஞ்சு முட்ட இழுத்து, உச்சத்தில் ஒரு பிடி பிடித்தார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. கொக்கி அசையவில்லை.

திரும்பியவர் ஜன்னலில் நின்ற சேற்று உருவத்தைப் பார்த்து, யாரென்று தெரியாமல் விழித்தார்.

"டெய்லரா அது? அடுத்த மாசம் குழுவுக்கு இருபது கவுன் வேணும். கொக்கியெல்லாம் இந்தப் பொண்ணுதான் தைக்கணும். நீங்க கிட்டயே வராதீங்க."

இருபது வருஷத் தொழில்காரருக்குக் கோபம் வர வேண்டிய இடம். ஆனால் வாயெல்லாம் பல்லாக நின்றார். அவரிடம் வெள்ளையாக இருந்தது அது ஒன்றுதான்.