பத்துப் பேருக்கு ஒரு குப்பி

மாகறல் பள்ளிக்கூடத்தின் இரண்டாம் வகுப்பு அறையில் அன்று மதியம் வந்து சேர்ந்தவர்கள் ஆறு பேர். சன்னலோரப் பெஞ்சில் மணிலாக் கடலை பயிரிடும் மல்லிநாதனும் அவர் மனைவி பிராமியும், நடுவில் ஒரு துணிப்பை வைத்துக்கொண்டு. கரும்பலகைக்கு எதிரே அங்கம்மாள்; பிள்ளைகள் பெஞ்சு பத்தாமல் ஒரு காலை வெளியே நீட்டியிருந்தாள். அவளுக்குப் பின்னால் ரேஷன் கடையில் எடை போடும் மாணிக்கவேலும் அவர் அக்காவும். வாசற்படியோரம், காற்று வருமென்று தரையிலேயே சுவரில் சாய்ந்துகொண்டு கோதண்டபாணி. செவிலியர் கமலாட்சி, டீச்சரின் நாற்காலியில். அவள் காலடியில் நீல நிற ஐஸ் பெட்டி.

பெட்டிக்குள் ஒரே ஒரு குப்பி. பத்துப் பேருக்கான கொரோனா தடுப்பூசி மருந்து. உடைத்தால் நாலு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிஞ்சினால் குப்பைதான். அதனால் பத்துப் பேர் சேராமல் உடைக்கக் கூடாதென்று மேலிடத்து உத்தரவு. போன மாதம் இரண்டு ஊசி வீணானதற்கே கமலாட்சி விளக்கம் எழுதிக் கொடுத்திருந்தாள். இன்னொரு தடவை என்றால் மெமோ. மெமோ வந்தால், பதினெட்டு வருஷமாகக் காத்திருக்கும் பதவி உயர்வு போனதுதான்.

சித்திரை வெயில் அறைக்குள் தண்ணீர்போல் நிரம்பியிருந்தது. ஒரு வருஷமாய்ப் பிள்ளைகள் வராத அந்த அறையின் சுவரில் வாய்ப்பாடு மட்டும் மெல்ல அசைந்தது. முழங்கால்கள் மார்பைத் தொட உட்கார்ந்திருந்த பெரியவர்கள், பரீட்சைக்கு வந்து தூங்கிப்போனவர்கள் மாதிரி இருந்தார்கள். கமலாட்சிக்கும் கண் செருகியது. குப்பி ஒரு சின்ன வீடாகிவிட்டது. பத்துப் பேர் படுக்கலாம். ஆறு பேர் பாய் விரித்துவிட்டார்கள். நாலு பேர் எங்கேயோ தூரத்தில், வெயிலில், அந்த வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்னா நர்சம்மா, ஆள் ரொம்பினாத்தான் வண்டி எடுப்பியா? ஷேர் ஆட்டோ கணக்கா இருக்குதே!" அங்கம்மாள்தான். "நயினாரே, நீ அஞ்சு ஊசியா போட்டுக்கோ. சரியாப் பூடும்."

"எனக்கு ஒண்ணே ஜாஸ்தி," என்றார் மல்லிநாதன். "இந்தம்மா இழுத்துக்கினு வந்துச்சு." பிராமி முகக்கவசத்துக்குள் சிரித்தாள்.

கோதண்டபாணி சிரிக்கவில்லை. "மூணாவது தபா வரேம்மா. ரெண்டு தபா ஆள் சேரலன்னு அனுப்பிட்ட. வாரத்துக்கு ரெண்டு நாள் காஞ்சிபுரம் போய் டயாலிசிஸ்ல படுக்கறேன். பக்கத்து பெட்டுல ஒருத்தர், போன வாரம் இருமிக்கினே இருந்தாரு. இந்த வாரம் அந்த பெட்டு காலியா இருக்குது."

"வீட்டுக்கு அனுப்பிட்டாங்களா அண்ணா?" என்று கேட்டாள் கமலாட்சி.

"நான் கேக்கல."

மணி இரண்டரை. கமலாட்சி மாணிக்கவேலை ஆள் தேடித் தெருவுக்கு அனுப்பினாள். அவர் தனியாகவே திரும்பி வந்தார். போட்டுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் நாலு பேர் இருக்கத்தான் செய்தார்கள்; நாலு பேரும் ஒரகடத்துக் கம்பெனியில் கூட்டிப் பெருக்கப் போகும் பெண்கள். அவர்கள் வேன் ஊருக்குள் வர ஆறு மணியாகும். ஐஸ் பெட்டியை எடுத்துப்போகும் ஜீப் ஐந்துக்கே வந்துவிடும்.

அவள் பெட்டியைத் திறந்தாள். குப்பியின் மூடியைக் கட்டைவிரலால் நெம்பினாள். டக்கென்று ஒரு சின்னச் சத்தம். அங்கம்மாள் நீட்டியிருந்த காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"இந்தக் கை டயாலிசிஸ் மெஷினுக்கும்மா," என்று சட்டைக் கையைத் தூக்கினார் கோதண்டபாணி. "அந்தக் கையில போடு."

ஆறு பேருக்கும் போட்டு, அரை மணி நேரம் உட்காரவைத்து அனுப்பிவிட்டு, வட்டார அலுவலகத்தில் கணக்கு ஏற்றும் வெங்கடேசனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"நாலு வேஸ்ட்டா? ஐயோ மேடம்! அந்த நாலு லேடீஸ் ஆதார் நம்பர் இருக்குதுல்ல? குடுங்க, போட்டாச்சுன்னு ஏத்திடறேன். நீங்களும் சேஃப், நானும் சேஃப்."

"அவங்க?"

"அவங்களுக்கு அடுத்த கேம்ப்ல பாத்துக்கலாம் மேடம்."

"போட்டாச்சுன்னு இருக்கறவங்களுக்கு அடுத்த கேம்ப்ல எப்பிடிப்பா போடுவ?"

"அப்போ லெட்டர் எழுதிடுங்க மேடம்," என்றான், குரல் இறங்கி.

எழுதினாள். பெறுநர், பொருள், ஐயா. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி இடதுபக்கம் ஓரம் விட்டு. 'ஆறு பேருக்காகக் குப்பியை உடைத்தது நான்தான். நாலு ஊசி வீண். வேலைக்குப் போகிறவர்கள் வீடு திரும்பும் நேரம் ஆறு. நம் ஜீப் வரும் நேரம் ஐந்து. இனி ஜீப்பை ஏழு மணிக்கு அனுப்பிவைத்தால் நான் காத்திருந்து போட்டு முடிக்கிறேன்.' கடைசி வரியை இருமுறை படித்தாள். மன்னிக்கவும் என்று சேர்க்கலாமா என்று யோசித்தாள். பேனா காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. பிறகு அதை மூடிவைத்துக் கையெழுத்திட்டாள்.

வெளியே ஜீப் ஹாரன் அடித்தது. முகக்கவசத்தைக் கழற்றாமல் விரலைக் குழாய்த் தண்ணீரில் நனைத்து, கடிதத்தை இட்ட உறையின் பசை விளிம்பில் தடவி, மேசைமேல் வைத்து அழுத்தினாள். பெட்டியோடு கடிதத்தையும் நீட்டியபோது டிரைவர் உறைமேல் இருந்த பெயரைக்கூடப் பார்க்கவில்லை. வாங்கி, முன்கண்ணாடிக்குக் கீழே செருகினார். அங்கே ஏற்கெனவே இரண்டு பழுப்பு உறைகள் இருந்தன, வேறு வேறு கையெழுத்தில், வேறு வேறு ஊர் முகாம்களின் பெயரோடு. ஜீப் பள்ளத்தில் இறங்கித் திரும்பியபோது மூன்றும் ஒன்றாகச் சரிந்தன.